ஃபவுண்டன் புல்லா, தண்டுக்கீரையா? வீட்டுத் தோட்டத்தில் எதை எங்கே வைப்பது: முழுமையான வழிகாட்டி

வீடு கட்டி முடித்து, சுற்றுச்சுவரும் எழுப்பிவிட்டால் சுவரோரம் மூன்றடி அகலத்தில் ஒரு மண்பட்டை மிஞ்சும். அதில் என்ன வைக்கலாம் என்ற பேச்சு வந்ததும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சிக்கு நர்சரியில் பார்த்த அந்த ஊதா நிற அலங்காரப் புல் வேண்டும். இன்னொரு கட்சிக்கு இரண்டு பாத்தி கீரையாவது போட வேண்டும். இரண்டுமே நியாயமான ஆசைதான். ஆனால் அழகா, சாப்பாடா என்று பட்டிமன்றம் நடத்தினால் முடிவுக்கு வராது. அந்த இடத்துக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை உங்கள் கை போகும்? என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. அடிக்கடி கை போகும் இடத்தில் கீரை, கண் மட்டும் போகும் இடத்தில் புல்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களுக்கு எழுதியது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் பருவமும் குளிரும் வேறு என்பதால் கீழே சொல்லும் நாள் கணக்கு அங்கே பொருந்தாது.

இரண்டும் எப்படிப்பட்ட செடிகள்

நர்சரிக்காரர்கள் ‘ஃபவுண்டன் கிராஸ்’ என்று கொடுப்பது தூர் கட்டி வளரும் பல்லாண்டுப் புல். மூன்று, நான்கு அடி உயரம் வரும். இலைகள் நடுவிலிருந்து எழுந்து வெளிப்பக்கமாக வளைந்து விழும். அதன் மேல் பூனை வால் போன்ற பூங்கதிர்கள் ஆடிக்கொண்டிருக்கும். இதில் பச்சை, ஊதா என்று இரண்டு வகை விற்கிறார்கள். வேறுபாடு நிறத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதை இரகத் தேர்வில் விரிவாகச் சொல்கிறேன்.

தண்டுக்கீரை ஓராண்டுப் பயிர். விதைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேலை முடிந்துவிடும். முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் இதன் நெருங்கிய சொந்தங்கள். தோட்ட ஓரத்தில் கேட்காமலே முளைக்கும் குப்பைக்கீரையும் இதே குடும்பம்தான்.

ஒன்று புல், மற்றது கீரை என்றாலும் இரண்டும் வெயிலை ஒரே விதமாகத்தான் பயன்படுத்துகின்றன. கரும்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றில் உள்ள சி4 என்ற ஒளிச்சேர்க்கை முறை இவை இரண்டிலும் உண்டு. அகன்ற இலைச் செடிகளில் இந்த முறை கொண்டவை குறைவு. கீரை அந்தக் குறைவானவற்றில் ஒன்று. மற்ற காய்கறிகள் வாடி நிற்கும் சித்திரை வெயிலிலும் இரண்டும் வளர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே நம் ஊர் வெப்பத்தைத் தாங்குமா என்ற கவலை இரண்டுக்குமே வேண்டாம். தண்ணீர்த் தேவையில்தான் பெரிய வித்தியாசம்.

நிறத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஊதாப் புல்லின் நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. நாவல்பழத் தோலிலும் இதே வகை நிறமிதான். நல்ல வெயில் கிடைத்தால்தான் அது ஏறும். நிழலில் வைத்த ஊதாப் புல் மெல்ல மெல்லப் பச்சையாகிவிடும். சிவப்புத் தண்டுக்கீரையின் நிறமோ பீட்ரூட்டில் இருப்பது போன்ற பீட்டாலைன் வகை. தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால்தான் கீரை வெந்த தண்ணீர் சிவந்துவிடுகிறது.

படி 1: வெயிலைப் பாருங்கள்

ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணி, பகல் 12 மணி, மாலை 4 மணி என மூன்று தடவை அந்த மண்பட்டையைப் போய்ப் பாருங்கள். எங்கே நிழல் விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மார்கழியில் பார்ப்பதற்கும் சித்திரையில் பார்ப்பதற்கும் நிழல் மாறும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வீட்டின் வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழலிலேயே கிடக்கும்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் இருந்தால் இரண்டில் எதுவும் வைக்கலாம். நான்கு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் கீரை ஓரளவு வரும். தண்டு மெலிந்து, செடி நெடுநெடுவென்று போகும். ஊதாப் புல் அங்கே அழகாக இருக்காது. அதற்கும் குறைவு என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் பொன்னாங்கண்ணியோ கற்பூரவல்லியோ வைப்பது நல்லது.

படி 2: மண்ணையும் வடிகாலையும் சோதியுங்கள்

புதிதாகக் கட்டிய வீடு என்றால் சுவரோரம் மேலாகப் பார்க்கும் மண்ணை நம்ப வேண்டாம். ஓர் அடி தோண்டினால் சிமெண்ட் கட்டி, உடைந்த செங்கல், ஜல்லி எல்லாம் வரும். கீரைக்கு அதை முழுக்கச் சலித்து எடுக்க வேண்டும். புல்லுக்கு அந்த அளவு மெனக்கெட வேண்டியதில்லை. குழி எடுக்கும் இடத்தில் மட்டும் சுத்தம் செய்தால் போதும்.

வடிகாலைப் பார்க்க ஓர் அடி ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் இரண்டாவது முறை நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் மூன்று, நான்கு மணி நேரம் கழித்தும் நின்றால் வடிகால் சரியில்லை. அப்படிப்பட்ட களிமண்ணில் ஐப்பசி மழைக்குக் கீரை நாற்று அழுகும், புல்லின் தூரும் அழுகும். அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டுவிட்டால் இரண்டுக்கும் பிரச்சினை தீரும். கரிசல் மண் உள்ள ஊர்களில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அந்த மண்பட்டை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பேருந்தும் லாரியும் போகும் சாலையை ஒட்டிய சுவரோரம் என்றால் கீரை வேண்டாம். மண்ணிலும் புழுதியிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை இலைக்குள் சேர்த்துக்கொள்ளும் தன்மை தண்டுக்கீரைக் குடும்பத்துக்கு உண்டு. மேலே படியும் தூசியைக் கழுவலாம், இலைக்குள் போனதைக் கழுவ முடியாது. செப்டிக் டேங்க் ஓரமும், துணி துவைத்த தண்ணீர் ஓடும் இடமும் கீரைக்கு ஆகாது. இந்த இடங்களுக்கெல்லாம் புல்தான் சரி. மண்பட்டை அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் மீதிப் படிகளைப் பார்க்காமலே முடிவெடுத்துவிடலாம்.

படி 3: கையைக் கணக்கில் எடுங்கள்

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தப் படியில்தான். கீரைப் பாத்தி போட்டுவிட்டுப் பதினைந்தாம் நாள் கைவிட்டவர்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். அவர்களுக்கு ஆர்வம் குறைவு என்று சொல்ல மாட்டேன். பாத்தி இருந்த இடம் தவறு.

கீரை கேட்கும் வேலையைப் பாருங்கள். விதைத்த முதல் பத்து நாள் காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர். அப்புறம் தினமும் ஒரு தடவை. கோடையில் ஒரு சதுர மீட்டர் பாத்தியிலிருந்து வெயிலும் இலையும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீரை இழுத்துவிடும். வாரம் ஒரு தடவை களை. பத்தாம் நாளிலிருந்து செடி கலைப்பு, அதாவது நெருக்கமாக நிற்பவற்றில் சிலதைப் பிடுங்கி இடைவெளி விடுவது. அதன்பின் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பது. ஒரு மாதம் கழிந்ததும் பிடுங்கி, மண்ணைக் கொத்தி, மறுபடி விதைப்பது. ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் நாள் தவறாமல் செய்ய வேண்டிய ஐந்து நிமிடம்.

புல்லுக்கு முதல் ஒரு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். வேர் பிடித்த பிறகு நான்கைந்து நாளைக்கு ஒருமுறை. மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை ஒட்ட வெட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நட வேண்டும். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை சொந்த வீட்டுக்கு வருபவர்கூட இதைப் பராமரிக்க முடியும்.

இப்போது வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். பாத்திரம் துலக்கும் இடம், துணி காயப்போடும் கொடி, அடுப்படிக் கதவு, தண்ணீர்க் குழாய் என்று நீங்கள் தினமும் வேறு வேலையாகப் போகும் இடங்களிலிருந்து பத்தடிக்குள் உள்ள மண் கீரைக்கு உரியது. அங்கே புல்லை வைத்தால் நல்ல இடம் வீணாகும். முன்பக்க கேட்டுக்கு அந்தப்பக்கம், வீட்டின் பின்கோடி, மாடி ஏறும் படிக்கட்டின் கீழ்ப்பகுதி போன்ற இடங்களில் எத்தனை நல்ல வெயில் இருந்தாலும் கீரை நிலைக்காது. ‘மனசு வைத்தால் முடியும்’ என்று நீங்கள் நினைக்கலாம். மாமியாருக்கு உடம்பு சரியில்லாத வாரத்திலும், பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும் வாரத்திலும் அந்தக் கோடிக்கு யார் போவார்கள் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 4: இரகத்தைத் தேர்ந்தெடுங்கள்

புல்லில் பச்சை வகையை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது விதை போடும். இறகு போன்ற அந்த விதைகள் காற்றில் பறந்து பக்கத்து மனை, சாலையோரம், பொட்டல் எல்லாம் முளைக்கும். வட ஆப்பிரிக்காவும் மேற்கு ஆசியாவும் தாயகமான இந்தப் புல் அலங்காரச் செடியாகத்தான் ஹவாய்த் தீவுகளுக்குப் போனது. இன்று அங்கே வறண்ட மலைச்சரிவுகளைப் பிடித்துக்கொண்டு, காய்ந்ததும் காட்டுத்தீக்கு எரிபொருளாகி, உள்ளூர்ச் செடிகளை அழிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இதைத் தடுக்க வேண்டிய அயல் செடிகளின் பட்டியலில் சேர்த்தது. ஊதா வகை பெரும்பாலும் மலட்டு வகை. கதிர் வரும், முளைக்கும் விதை பிடிக்காது. தூர் பிரித்துத்தான் பெருக்க முடியும். வாங்கும்போது இலை ஊதாவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ‘வளர்ந்தால் நிறம் வந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் அந்தச் செடியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

புல் வேண்டும், ஆனால் வெறும் அழகுக்காக மண்ணைக் கொடுக்க மனமில்லை என்பவர்களுக்கு நம்மிடமே இரண்டு நல்ல புற்கள் இருக்கின்றன. வெட்டிவேர் ஒன்று. நான்கைந்து அடிக்கு நேராக எழுந்து நுனியில் வளையும். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும் என்பதால் சுவரோரத்துக்கும் மண் சரியும் சரிவுக்கும் மிக நல்லது. தென்னிந்தியாவில் வழக்கமாக வளர்க்கும் வகை விதை போட்டுப் பரவுவதில்லை. ஒன்றரை வருடம் கழித்துத் தோண்டினால் பானைத் தண்ணீரில் போட வேரும் கிடைக்கும். மற்றொன்று எலுமிச்சைப் புல். நடவு செய்த மூன்று மாதத்தில் டீக்கும் ரசத்துக்கும் தாள் பறிக்கலாம். பார்வைக்கும் ஃபவுண்டன் புல்லின் அதே வளைவு இதிலும் உண்டு, பூங்கதிர் மட்டும் அரிது. என் கையில் முடிவு இருந்தால் ஊதாப் புல்லுக்கு முன் இந்த இரண்டைத்தான் பார்ப்பேன்.

கீரையில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ வரிசை இரகங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. கோ 1, கோ 2 இரண்டையும் இளசாக முளைக்கீரையாகவும், விட்டு வளர்த்துத் தண்டுக்கீரையாகவும் எடுக்கலாம். கோ 3 கிள்ளிக் கிள்ளி எடுக்கும் வகை. ஒருமுறை விதைத்தால் மூன்று மாதம் வரை பத்துத் தடவை கிள்ளலாம். கோ 5இன் இலையில் பச்சையும் சிவப்பும் கலந்து வரும். மாதாமாதம் மண்ணைக் கொத்தி விதைக்க முடியாதவர்கள் கிள்ளும் வகையை எடுங்கள். தண்டுக் குழம்புப் பிரியர்கள் தண்டு வகைக்குப் போங்கள்.

சிவப்புத் தண்டுக்கீரையைக் கண்ணுக்காகவும் வளர்க்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். நாம் பருப்புப் போட்டு மசிக்கும் இதே இனத்தின் பல நிற வகைகளை மேலை நாடுகளில் பூங்காக்களில் அலங்காரத்துக்காகவே வைக்கிறார்கள். வீட்டில் நடக்கும் அந்தப் பட்டிமன்றத்துக்கு இதுவே ஒரு தீர்வாக அமையலாம்.

படி 5: புல்லை நடுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆடியில் நட்டால் மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். ஓர் அடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி. தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மட்கிய தொழுவுரம், களிமண் என்றால் கொஞ்சம் மணல். குழிக்குக் குழி இரண்டு முதல் இரண்டரை அடி. பத்தடி நீளச் சுவருக்கு நான்கு அல்லது ஐந்து செடி போதும். நட்ட புதிதில் இடைவெளி அதிகமாகத் தெரியும். நெருக்கி வைக்காதீர்கள், ஆறு மாதத்தில் மூடிவிடும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நட்டால்தான் எல்லாப் பக்கமும் சமமாக வளையும்.

பையிலிருந்து எடுத்த செடி பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நிற்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் தூரின் கழுத்து அழுகும். யூரியா, கடலைப் புண்ணாக்கு என்று தழைச்சத்தைக் கொட்டாதீர்கள். கொட்டினால் இலை கொழுத்து, வளைந்து நிற்பதற்குப் பதில் தரையில் படுத்துவிடும். வருடத்துக்கு ஒரு கூடை மட்கிய உரம் போதும்.

மாடியில் என்றால் 12 அங்குலத் தொட்டிக்குக் குறையாமல் எடுங்கள். தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால், மாடிப் புல்லுக்குக் கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும். கை அடிக்கடி போக வேண்டியதில்லை என்று மேலே சொன்ன சலுகை மாடித் தொட்டிக்கு இல்லை.

படி 6: கீரையை விதையுங்கள்

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு சதுர மீட்டர் அளவில் மூன்று பாத்தி போதும். இளசாகப் பிடுங்கினால் ஒரு பாத்தியில் சுமார் ஒரு கிலோ வரும். மூன்றையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் மூன்று கிலோ வந்து குவியும். அப்புறம் ஒரு மாதம் கடைக்குத்தான் போக வேண்டும். பத்து நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக விதையுங்கள். மூன்றாவது பாத்தி முளைத்து வரும்போது முதல் பாத்தி சட்டிக்கு வந்துவிடும்.

மண்ணை முக்கால் அடி ஆழம் கொத்தி, கட்டி உடைத்து, சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிலோ மட்கிய தொழுவுரமும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து சமப்படுத்துங்கள். பாத்தியின் மேற்பரப்பில் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றும்போது விதை எல்லாம் பள்ளத்துக்கு ஓடிவிடும்.

கீரை விதை மிகப் பொடியானது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். அப்படியே தூவினால் ஓரிடத்தில் கொத்தாக விழும், இன்னோர் இடம் வெறுமையாகக் கிடக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம் விதை எடுத்து, காய்ந்த மணல் இரண்டு கைப்பிடியோடு நன்றாகக் கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியை அகலவாக்கிலும் தூவுங்கள். உள்ளங்கையால் மண்ணை லேசாகத் தடவிவிட்டால் போதும். அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடினால் பல விதைகள் வெளியே வராது. மேலே காய்ந்த வைக்கோலை மெல்லிசாகப் பரப்பி, அதன் மேல் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். குழாயைத் திருப்பிவிட்டால் விதை அடித்துக்கொண்டு போகும்.

எறும்பு கீரை விதையைத் தூக்கிக்கொண்டு போவது எல்லா ஊரிலும் நடக்கும். பாத்தியைச் சுற்றி மஞ்சள் தூள் தூவுங்கள். பாத்திக்கு வெளியே ஒரு பிடி நொய்யரிசி போட்டு வைத்தால் எறும்புக் கூட்டம் பெரும்பாலும் அங்கே திரும்பிவிடும்.

நான்கைந்து நாளில் முளைக்கும். முளை தெரிந்த அன்றே, மாலையில், வைக்கோலை எடுத்துவிடுங்கள். ஒருநாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நீண்டுவிடும்.

பத்தாம் நாள் குனிந்து பாருங்கள். சிவப்புத் தண்டு நூல் தடிப்பில் இருக்கும், ஒவ்வொன்றிலும் நான்கு இலை விரிந்திருக்கும். விரல் நுழைய இடமில்லாமல் நெருங்கி நிற்கும் இடத்தில்தான் நாற்றழுகல் தொடங்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்து, கறுத்து, மறுநாள் சாய்ந்து கிடக்கும். அந்த இடங்களில் ஒன்று விட்டு ஒன்று பிடுங்குங்கள். வேரோடு இழுத்தால் பக்கத்துச் செடியும் ஆடும். ஒரு கையால் அடி மண்ணை அழுத்திக்கொண்டு மறு கையால் மெல்ல இழுக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது செய்தால் எளிது.

இருபது, இருபத்தைந்தாம் நாளில் இரண்டாவது கலைப்பு. இப்போது பிடுங்குவது ஓர் அடி உயர முளைக்கீரை. வேரை நறுக்கிவிட்டு அப்படியே மசிக்கலாம். மீதிச் செடிகளை அரை அடி இடைவெளியில் விட்டால் நாற்பதாம் நாள் கட்டை விரல் பருமனில் தண்டு வந்துவிடும். ஒரே விதைப்பில் இரண்டு விதமான கீரை கிடைக்கும்.

இரண்டாவது கலைப்பு முடிந்ததும் 30 மில்லி பஞ்சகவ்யாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். யூரியா போட்டால் இலை கரும்பச்சையாக மின்னும். ஆனால் நைட்ரேட் இலையில் தேங்கும், பூச்சியும் தேடி வரும். வீட்டுக்குத் தின்ன வளர்க்கும் கீரைக்கு அது வேண்டாம்.

பருவம் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு முழுக்க விதைக்கலாம் என்பது உண்மை, ஆனால் எல்லா மாதமும் ஒன்றல்ல. பகல் குறுகிய கார்த்திகை, மார்கழியில் விதைத்த கீரை சீக்கிரமே பூத்துவிடும். பூ வந்ததும் இலை சிறுத்து, தண்டு நாராகும். அந்த மாதங்களில் தண்டுக்குக் காத்திருக்காமல் முளைக்கீரையாகவே எடுத்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் மொட்டைப் பாத்தியில் விதை நிற்காது. மாடிப்படிக்குக் கீழோ கூரை ஓரமோ தொட்டியில் போடுங்கள். தையிலிருந்து ஆனி வரை கீரைக்கு நல்ல காலம், தண்ணீர் இருந்தால்.

படி 7: பறிப்பதும் வெட்டுவதும்

கிள்ளும் வகையில் முதல் கிள்ளு விதைத்த மூன்றாம் வாரத்தில். நுனியை மட்டும் கிள்ளாமல், அடியில் மூன்று கணு விட்டு அதற்கு மேல் வெட்டுங்கள். அந்தக் கணுக்களிலிருந்து கிளை வரும். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை. மூன்று மாதம் ஆனதும் இலை கசக்கும். பிடுங்கிவிட்டு மறுபடி விதையுங்கள்.

சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்ஸலேட் என்ற பொருள் இந்தக் கீரைகளில் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஆக்ஸலேட் குறையும், கூடவே வைட்டமின் சியும் போய்விடும். உடம்பில் பிரச்சினை இல்லாதவர்கள் கொஞ்சம் தண்ணீரில் அளவாக வேகவைத்தால் போதும்.

புல்லை வெட்ட மாசி மாதம் ஏற்றது. பனி விலகி, வெயில் ஏறத் தொடங்கும் நேரம். தூரின் இலைகள் மொத்தத்தையும் ஒரு கயிற்றால் கற்றையாகக் கட்டிக்கொண்டு, தரையிலிருந்து அரை அடி விட்டு அரிவாளால் அறுத்துவிடுங்கள். கட்டி அறுப்பதால் குப்பை சிதறாது. முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள், இலை ஓரம் கையைக் கீறும். இரண்டு மூன்று வாரத்தில் புதுத் தளிர் அடர்ந்த நிறத்தில் வரும். அறுத்த புல்லை எறிய வேண்டாம். துண்டு துண்டாக வெட்டினால் கீரைப் பாத்திக்கு நல்ல மூடாக்கு. ஊதா வகை, வெட்டிவேர், எலுமிச்சைப் புல் மூன்றையும் இப்படிப் பயன்படுத்தலாம். விதை பிடித்த பச்சை வகையை மட்டும் பயன்படுத்தக் கூடாது.

மூன்றாவது வருடம் தூரின் நடுப்பகுதி காய்ந்து, ஓரம் மட்டும் பச்சையாக வளையமாக நிற்கும். அப்போது மொத்தத் தூரையும் மண்வெட்டியால் சுற்றி வெட்டி எடுத்து, கடப்பாரையால் நடுவில் பிளந்து, காய்ந்த பகுதியை வீசிவிட்டு, வேரோடு கூடிய ஓரத் துண்டுகளை நடுங்கள். ஒரு தூரில் நான்கைந்து செடி கிடைக்கும். கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

படி 8: தொல்லைகள்

புல்லுக்குப் பூச்சி, நோய் மிகக் குறைவு. அதைச் சுற்றிச் சேரும் காய்ந்த சருகுதான் பிரச்சினை. கரையான் வரும், எலி அடையும், எலியைத் தேடிப் பாம்பும் வரலாம். அதனால் வாசல்படி, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து ஆறேழு அடி தள்ளியே வையுங்கள். அடியில் தொங்கும் காய்ந்த இலைகளை மாதம் ஒருமுறை உருவிவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் பூக்கும் புல்லைப் படுக்கையறை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். புல் மகரந்தம் சிலருக்குத் தும்மலைக் கிளப்பும்.

கீரைக்கு எதிரிகள் அதிகம். இலையை மடித்து, நூல் கட்டி, உள்ளே இருந்து தின்னும் பச்சைப் புழுதான் முதல் எதிரி. இலை சல்லடையாவதற்கு முன், மடிந்த இலை ஒன்றிரண்டு தெரியும்போதே நசுக்கிவிட்டால் மருந்தே வேண்டாம். மிஞ்சினால் வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது காதிசோப் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். தெளித்து ஐந்து நாள் பறிக்க வேண்டாம்.

இலையின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளி தெரிந்தால் திருப்பிப் பாருங்கள். அடியில் பால் வெள்ளையாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் அது வெண்துரு நோய். மழையும் பனியும் உள்ள மாதங்களில் வரும். அந்தச் செடிகளை உடனே பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே புதையுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மாலையில் இலை மேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, காலையில் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். நெருக்கமாக விட்ட பாத்தியில்தான் இது பரவும்.

ஒரே பாத்தியில் விடாமல் கீரையே போட்டால் வேரில் முடிச்சு விழும். அது நூற்புழுவின் வேலை. மூன்று போகத்துக்கு ஒருமுறை அந்தப் பாத்தியில் செண்டுமல்லி போட்டால் நூற்புழு கட்டுப்படும். இடையில் ஒரு போகம் தட்டைப்பயறு போட்டால் மண்ணுக்குத் தழைச்சத்து சேரும்.

படி 9: இரண்டும் வேண்டும் என்றால்

முப்பதுக்கு நாற்பது மனையில்கூட இரண்டுக்கும் இடம் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். புல்லின் வேர்க்கட்டு அடர்த்தியானது. மூன்றடிக்குள் கீரை போட்டால் நீங்கள் ஊற்றும் தண்ணீரும் உரமும் முதலில் புல்லுக்குப் போகும். கீரை வெளிறி, முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். நடுவில் மூன்றடி நடைபாதை விடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கடப்பாக்கல் பலகையைச் செங்குத்தாகப் புதைத்து வேரைத் தடுக்கலாம்.

புல் கிழக்கிலோ தெற்கிலோ இருந்தால் கீரைமேல் நிழல் விழும். பாத்திக்கு மேற்கே வையுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் விழும் நிழல் கோடையில் கீரைக்கு நல்லதுதான். கேட்டிலிருந்து வாசல் வரை உள்ள நடைபாதையில் சுவரோரம் எலுமிச்சைப் புல், நடைபாதைக்கு இந்தப்பக்கம் சிவப்புத் தண்டுக்கீரை என்று வைத்துப் பாருங்கள். பச்சைக்கு முன்னால் சிவப்பு நிற்பதைப் பார்த்தால் புல் கட்சிக்கும் மனம் நிறையும். பாத்தியைப் பறித்துவிட்டு அடுத்தது முளைக்கும் வரை அந்த இடம் இரண்டு வாரம் வெறுமையாக இருக்கும். அது பொறுக்காதவர்கள் பாத்தியை மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றி விதைக்கலாம்.

விதைக்காக ஒவ்வொரு பட்டத்திலும் நல்ல நிறமும் தடித்த தண்டும் உள்ள மூன்று நான்கு செடிகளைப் பூக்க விடுங்கள். கீரைப் பூ காற்றில் மகரந்தம் மாற்றிக்கொள்ளும் என்பதால், விதைக்கு விடும்போது பக்கத்தில் வேறு நிறத் தண்டுக்கீரை பூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கதிர் காய்ந்து, கையில் தேய்த்தால் கறுப்பாக மின்னும் விதை உதிர்ந்தால் அறுக்கலாம். நிழலில் உலர்த்தி, முறத்தில் புடைத்து, வேப்பிலைப் பொடி கொஞ்சம் சேர்த்துக் கண்ணாடி பாட்டிலில் மூடி வையுங்கள். மறக்காமல் விதைத்த மாதத்தையும் இரகத்தையும் எழுதி ஒட்டுங்கள். எல்லாக் கீரை விதையும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.